திரைக்கு வராத அறிவிப்பு

வியாழன், காலை 9:10. ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வரில் எழுபத்தோரு அவசரச் செய்திகள் போகாமல் தேங்கிக் கிடந்தன. ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான அளவு வந்தால் அந்த நொடியே டாக்டரின் போனுக்குத் தகவல் போக வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. அவற்றில் ஒன்று மூன்றாம் மாடியிலிருந்த லாரி டிரைவருடையது. பொட்டாசியம் ஏறியது யாருக்கும் தெரியாமல், நேற்று மாலை அவர் இதயம் நின்றுபோனது. மீட்டுவிட்டார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

"நாலு மணிக்குள்ள யார் தப்புன்னு தெரியணும்" என்றார் கண்காணிப்பாளர்.

விசாரணை கணினிப் பிரிவுத் தலைவரிடம் வந்தது. எந்தக் கோளாறையும் மோப்பம் பிடித்துவிடுவதால் அவருக்கு மூக்கு சார் என்றே பெயர். சர்வரின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர், இன்னொருவர் ஆபரேட்டர் பெண்.

"திங்கக்கிழமை அப்டேட் பண்ணது நீங்கதானே?"

"ஆமா சார்."

"மெசேஜ் அனுப்புற புரோகிராம் பழைய செட்டிங்கை இனிமே படிக்காது, புதுசா எழுதுங்கன்னு அறிவிப்பு வந்திருக்குமே. படிக்காம தள்ளிட்டீங்களா?"

"வரவே இல்லை சார். நான் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. அப்படி ஒரு அறிவிப்பை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

"சாக்கு சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கும்மா."

அவள் முகம் சுண்டிப்போனது.

காலை 11:00. ஞாயிற்றுக்கிழமை எடுத்த சர்வரின் நகலை வேறொரு கணினியில் ஏற்றி, அதே அப்டேட்டை அவரே ஓட்டினார். வரிகள் மளமளவென்று ஓடி முடிந்தன. அறிவிப்பு வரவில்லை.

அப்படியென்றால் அவள் பொய் சொல்லவில்லை.

அப்டேட்டில் வந்த மென்பொருள் பொதியைப் பிரித்துப் பார்த்தார். அறிவிப்பு உள்ளேதான் இருந்தது. அதைக் காட்ட வேண்டிய துணை நிரலும் சர்வரில் இருந்தது. 'ஏற்கனவே காட்டியாயிற்று' என்று அதன் பதிவேடு சொன்னது. யாருக்குக் காட்டியது?

பகல் 1:40. சாப்பிடப் போகாமல், ஓடி மறைந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நானூறு வரிகளுக்கு நடுவில் ஒன்று: 'நிர்வாகிக்கு அஞ்சல் அனுப்பப்படுகிறது.'

அறிவிப்பைத் திரையில் நிறுத்தாமல் அஞ்சலாக அனுப்பும்படி யாரோ மாற்றியிருந்தார்கள். அந்த அஞ்சல் சர்வருக்குள்ளேயே இருக்கும் பெட்டிக்குப் போகும். ஆய்வக சர்வரில் அதைத் திறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். ஒன்றையும் யாரும் பிரித்ததில்லை. கடைசிக் கடிதம் திங்கட்கிழமையுடையது.

மாற்றப்பட்ட கோப்பின் தேதியைக் கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தப் பெண் வேலைக்கு வந்தே இரண்டு வருடம்தான். அப்போது கடவுச்சொல் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது.

நினைவு மெல்ல வந்தது. ஒவ்வொரு அப்டேட்டும் பாதியில் நின்று, 'படித்தீர்களா' என்பதுபோல் ஒரு பொத்தானுக்குக் காத்திருக்கும். 'பெரிய தொல்லையாப்போச்சு' என்று ஒரு வரியை மாற்றினார். பெட்டியைத் தினமும் பார்ப்பதாகத்தான் எண்ணம். மறந்தே போனார்.

கோப்பின் தேதியை அவள் வந்த பிறகு என்று மாற்ற ஒரே கட்டளை போதும். விரல்கள் அதைப் பாதிவரை அடித்தும்விட்டன. பக்கத்து அறையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடித்ததை எழுத்தெழுத்தாக அழித்தார்.

மாலை 3:30. கண்காணிப்பாளர் அறை. மூக்கு சார் அவளையும் வரச் சொல்லியிருந்தார்.

"அறிவிப்பு வந்துச்சு. ஆனா யாரும் பார்க்காத பெட்டிக்குப் போயிடுச்சு. 'ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை'ன்னு இவங்க சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ரெண்டு வருஷமா ஒண்ணுகூட வரலைன்னா, அது திங்கக்கிழமைத் தப்பு இல்லை. இவங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ வழியை அடைச்சிருக்காங்க."

"யாரு?"

"நான்தான் சார்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடி வைத்தார். அந்தப் பெண் மூக்கு சாரைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து வெளியே போனாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் போகாமல் படியேறிப் போனார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், டிரைவரின் தம்பி அண்ணனின் செருப்பு இருந்த பையோடு உட்கார்ந்திருந்தான். இவரும் யாருக்காகவோ காத்திருக்க வந்தவர் என்று நினைத்து, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காருங்கண்ணே. உங்க ஆளும் உள்ளேயா?"

அவர் உட்காரவில்லை.