இரட்டைப் புரட்டாசியில் ஒரு முகாம்

செவ்வாயில் புரட்டாசிக்கு ஐம்பத்தாறு நாள். யாரும் வேண்டுமென்று நீட்டவில்லை. அங்கே ஓர் ஆண்டு என்பது பூமியின் ஓராண்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதங்கள் மட்டும் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்று பஞ்சாங்கக் குழு கறாராகச் சொல்லிவிட்டதால் ஒவ்வொரு மாதமும் இரட்டித்துப்போயிற்று. ஆடித் தள்ளுபடி இரண்டு மடங்கு நாள் ஓடியபோது ஊரே குதித்தது. தை மாதத்துக் கல்யாணங்களுக்கு நாள் தாராளமாகக் கிடைத்தபோதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. புரட்டாசி வந்தபோதுதான் பாதி ஊர் பஞ்சாங்கக் குழுவின் கதவைத் தட்டியது. குழுவினர் அசையவில்லை. அவர்களில் ஐந்து பேர் பிறவிச் சைவம்.

அப்படிப்பட்ட புரட்டாசியில்தான் சிந்தாமணியின் குடும்பத்துக்குக் குலுக்கலில் வெளிமுகாம் சீட்டு விழுந்தது.

புதுமதுரையில் அது லேசுப்பட்ட காரியமல்ல. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் கொட்டிக்கொண்டே இருக்கும் கிரகம் அது. அதனால் ஊர் முழுவதும் ஒரு மண்கவிகைக்குள் இருந்தது. கூரைமேல் மூன்று ஆள் உயரத்துக்கு மண். வானத்தையே பார்க்காமல் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் கட்டியவர்கள் அங்கே ஏராளம். சிந்தாமணியும் அவர்களில் ஒருத்தி. செவ்வாயில் சூரியன் நீலமாக மறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டுமென்று அவளுக்கு ஒரே வெறி. சீட்டு விழுந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீடு, பக்கத்து வீடு, குழாயடி என்று எல்லா இடத்திலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கணவனிடம் வந்தாள்.

விருமன் முகத்தைச் சுளித்தான். "புரட்டாசிலயா? மட்டன் சுக்கா இல்லாம ஒரு முகாமா? வீட்லன்னா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன். அந்தக் குளிருல தயிர்ச்சோத்த வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய? சீட்ட எங்கக்காவுக்குக் குடுத்துரு."

"உங்கக்காவுக்கா?" சிந்தாமணிக்குச் சுர்ரென்று ஏறியது. "மாமா, மூணு நாளும் சைவத்துலயே ஒனக்கு விருந்து வைக்கிறேன். 'நாக்கு செத்துப்போச்சு'ன்னு ஒரு வார்த்த ஒன் வாயில வந்துச்சுன்னா அந்த நிமிசமே வண்டியத் திருப்பிருவோம். அடுத்த சீட்டும் ஒங்கக்காவுக்குத்தேன். சரியா?"

"பேச்சு மாறக் கூடாது," என்றான் விருமன். அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு. அந்த வார்த்தை அவன் வாயில் தினம் மூன்று வேளையும் வருவதுதான்.

ஊர்வண்டியில் நாலு பேர் புறப்பட்டார்கள்: அவர்கள் இருவரும், மகள் பூவரசியும், வீட்டுக் கைத்துணை துரையும். துரை இரும்பும் ரப்பருமாகச் செய்த ஆள். பாத்திரம் துலக்குவது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒட்டுச்சீட்டு அச்சிடுவது எல்லாம் அதன் வேலை. பொய் சொல்ல மட்டும் அதற்கு வராது. விருமனுக்கு அதனால் பல சங்கடங்கள் நேர்ந்திருக்கின்றன.

பெரும்பள்ளத்தாக்கின் விளிம்பில் மூச்சுக்கூடாரம் காற்றை நிரப்பிக்கொண்டு பொம்மென்று எழுந்தது. ஐயோ, அந்த வெளி! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இல்லை. பூவரசி கூடாரத்தின் கண்ணாடித் துணியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றாள். சிந்தாமணிக்கும் ஆசைதான், ஆனால் அவளுக்கு அடுப்பு இருந்தது.

கூடாரத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே கொதித்துத் தொலைக்கும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு விடிய விடியக் கிடந்தாலும் வேகாது. சிந்தாமணி குக்கரை இறுக்கி மூடி ஒரு கை பார்த்தாள். முதல் நாள் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பும் சுட்ட அப்பளமும். ராத்திரிக்கு முருங்கைக்கீரை அடை. மறுநாள் மொச்சைக் குழம்பு, மிளகு தூக்கலாகப் போட்ட சேனை வறுவல். விருமன் குறை சொல்ல வாயைத் திறந்த போதெல்லாம் அதற்குள் ஒரு கவளம் போயிற்று. மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, "பரவால்ல," என்று மட்டும் சொன்னான். அவனிடமிருந்து அது பெரிய பட்டம்.

சூரியன்தான் சதி செய்தது. இரண்டு சாயங்காலமும் தூசி மூட்டம். கடைசிச் சாயங்காலம் வானம் தெளியும், சூரியன் நீலமாகவே மறையும் என்று துரை கணித்துச் சொன்னது. சிந்தாமணி சந்தோஷத்தில் துரையின் இரும்புக் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள்.

கடைசி நாள் மத்தியானம் வாழைப்பூவும் கோவைக்காயும் எடுக்கலாமென்று வண்டியின் வெளிப்பெட்டியைத் திறந்து, உள்ளே கொண்டுவந்து பார்த்தாள். காய் ஒவ்வொன்றும் கல். குளிர் காய்க்கு நல்லதுதானே என்று வெளியே வைத்திருந்தாள். ஊருக்குள் வளர்ந்தவளுக்குக் குளிர் என்றால் குளிர்பெட்டியின் குளிர்தான். இங்கே ராத்திரி விழுகிற குளிரில் இரும்பே விறைத்துப்போகும். சூட்டில் வைத்ததும் எல்லாம் கூழாக ஒழுகிற்று.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மிச்சமிருந்தது வெங்காயமும் மிளகும் உப்பும்தான்.

விருமன் தட்டைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "ஏ சிந்தாமணி… இதத் தின்னா நாக்கு செ—"

"மாமா!" சிந்தாமணி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். "சாயங்காலம் வரைக்கும் பொறு மாமா. ஒன்னயக் கெஞ்சிக் கேக்குறேன். அந்த நீலத்த ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவோம்." அவள் கண் கலங்கிவிட்டது.

"வண்டியில் அவசர உணவு இருக்கிறது, அம்மா," என்றது துரை. மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தது. மூன்றிலும் 'ஆட்டுக்கறி, எலும்பு நீக்கியது' என்று எழுதியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்துப் படத்தில் ஒரு வெள்ளாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"போச்சு," என்றாள் சிந்தாமணி. "புரட்டாசில கறியா? சாமி கண்ணக் குத்திரும்."

பூவரசி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துரை, நம்ம ஊருல ஆட்ட எங்க கட்டி வச்சுருக்காங்க? நான் பாத்ததே இல்லயே."

"நம் ஊரில் ஆடு இல்லை. செவ்வாயிலேயே இல்லை. எந்தக் கப்பலிலும் ஆடு வந்ததில்லை. இது தொட்டியில் வளர்த்த காளான். கறியின் ருசியும் நாரும் சேர்த்துப் பதப்படுத்தியது. ஐந்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது."

விருமன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நான் இத்தன வருசமா தின்ன சுக்கா?"

"காளான், ஐயா."

"கருப்பன் கோயில்ல வருசா வருசம் டப்பா வெட்டுறமே, அது?"

"அதுவும் காளான், ஐயா."

விருமன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சிந்தாமணிக்கோ உடம்பெல்லாம் பறந்தது. காளான்! சைவம்! புரட்டாசிக்கும் பங்கமில்லை, சூரியனுக்கும் பங்கமில்லை. டப்பாவை உடைக்கக் கத்தியை எடுத்தாள்.

"வேணாம்," என்றான் விருமன். "நான் தொட மாட்டேன்."

"காளான்தான மாமா!"

"ஆட்டுக்கறின்னு எழுதியிருக்குல்ல? ஆடு வேற நின்னுக்கிட்டு என்னயவே பாக்குது. எங்க வம்சத்துல புரட்டாசில கறி தின்னவய்ங்க யாரும் இல்ல. ஏன், நீயே தின்னுருவியா?"

சிந்தாமணி கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. காளான்தான் என்று புத்திக்குத் தெரிகிறது, கை ஓடவில்லை.

துரை மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. "நான் பொய் எழுத மாட்டேன்," என்றது. "ஆனால் 'காளான்' என்பது உண்மை. அதை எழுதலாம்." அதன் நெஞ்சிலிருந்து மூன்று ஒட்டுச்சீட்டுகள் சரசரவென்று வந்தன. ஆட்டின்மேல் ஒன்று, எழுத்தின்மேல் ஒன்று, மூடியின்மேல் ஒன்று என்று ஒரு டப்பாவில் ஒட்டியது.

விருமன் டப்பாவைக் கையில் வாங்கினான். மூன்று பக்கமும் திருப்பினான். "ம்… காளான்," என்றான். "அப்பச் சரி. சின்ன வெங்காயம் நெறயாப் போட்டு, மொளகு தட்டிப் போடு."

சிந்தாமணி வறுத்த வாசனை கூடாரத்தைத் தூக்கிற்று. விருமன் முதல் வாய் வைத்தான். கண்ணை மூடினான். மறுபடி சோறு வாங்கினான், மறுபடியும் வாங்கினான். சட்டியை வழித்துத் துடைத்துவிட்டு, "ஏய், என்னாடி இது! அப்படியே கறி மாதிரியே இருக்கு!" என்றான்.

"அதேதான், ஐயா," என்றது துரை. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் மூவரும் விண்ணுடையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு துரையோடு வெளியே ஓடினார்கள். ஊதா நிறக் கற்களுக்கு அப்பால் சின்னச் சூரியன் இறங்கியது. அதைச் சுற்றி வானம் நீலமாயிற்று. அப்பப்பா, என்ன நீலம்! சிந்தாமணி கையைத் தட்டினாள், குதித்தாள். எடை குறைந்த கிரகமல்லவா, ஆள் உயரத்துக்கு எழும்பி நிதானமாக இறங்கினாள். விருமனும் வெட்கத்தை விட்டுக் கூடக் குதித்தான். நீலத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கியது.

"அதுதான் பூமி," என்றது துரை.

"அங்கதான் ஆடு இருக்கா?" என்று கேட்டாள் பூவரசி.

ஊர் திரும்பியதும் அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். காளான் விஷயம் புதுமதுரை முழுக்கப் பரவியது. எல்லாரும் "அப்படியா!" என்று வாயைப் பிளந்தார்கள். ஆனாலும் ஐப்பசி ஒன்றாம் தேதி ஊர்விளக்குகள் விடிவதற்கு முன்பே கறிக்கடை வாசலில் வரிசை போன வருஷத்தைவிட நீளமாக நின்றது. முதல் ஆள் விருமன். பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் துரை.

"ஐயா, முகாமில் சாப்பிட்ட அதே டப்பாதானே இது?"

"போடா. அது காளான். இது கறி."

சிந்தாமணி அதே சின்ன வெங்காயம், அதே மிளகு போட்டு வறுத்து வைத்தாள். ஐம்பத்தாறு நாள் காத்திருந்த மனுஷன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு வாய் தின்றான். மூன்றாவது வாயைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"என்னா மாமா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னைக்கிச் செஞ்சியே ஒரு காளான், அதுல பாதி ருசி கூட இதுல வரல. இந்தக் கறியத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு சிந்தாமணி."

சிந்தாமணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அலமாரியில் இன்னும் ஒரு டப்பா இருந்தது, அதன்மேல் ஆடு புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"துரை," என்றாள் மெதுவாக, "அந்த ஒட்டுச்சீட்டுல இன்னும் மூணு அடிச்சுக் குடு."