மூன்றாவது தடவை

அபூ ஹாத்திம் வீட்டுக் கதவை நான் தட்டியபோது மதியம் ஒரு மணி. பஸ்ராவின் ஆகஸ்ட் வெயிலில் தெருவில் ஒரு பூனைகூட இல்லை. அவரே வந்து கதவைத் திறந்தார். பனியன் முழுக்க வியர்வை.

"வா கண்ணு, வா நிஸார். மாத்துற சுவிட்ச் எரிஞ்சு போச்சு. தெருவுக்கே கரன்ட் குடுக்கிறவன் வீட்ல ஏசி ஓடலைன்னு எல்லாரும் சிரிக்கிறானுங்க."

அரசு மின்சாரம் போனால் எங்கள் தெருவுக்கு அவருடைய ஜெனரேட்டர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு லைன், நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் சுவிட்ச். இவர் வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அக்கா கணவர் சப்ரி செத்துக் கிடந்த இடம்.

பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். மஞ்சள் மீட்டர். சிவப்பு வயரில் பல் பதிந்த தடம். வேலையின்போது மச்சான் அதை வாயில் கவ்விக்கொள்வார்.

அபூ ஹாத்திமின் முகம் மாறியது. "இந்தச் சனியனை இன்னும் தூக்கி எறியலையா நீ?"

"அக்கா குடுத்தா."

மச்சான் எந்தக் கம்பியையும் மூன்று தடவை பார்ப்பார். கரன்ட் இருக்கிறது என்று தெரிந்த பிளக்கில் முதலில் மீட்டரை வைப்பார். அதில் எண் வந்தால்தான் மீட்டரை நம்புவார். அடுத்தது, கை வைக்கப்போகும் கம்பி. பிறகு மறுபடியும் அந்தப் பிளக். "நடுவுல மீட்டரே செத்துப் போயிருந்தா? பூஜ்யம்னு அது சொன்னதை நம்பி நாம போய்ச் சேர வேண்டியதுதான்" என்பார்.

வீட்டுக்கு வந்தால் அவர் அழைப்பு மணியை அழுத்தியதில்லை. மணிக்குக் கரன்ட் எங்கே? வாசலில் நின்று மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுவார். பீப், பீப். "வந்துட்டாருய்யா இன்ஜினியர்" என்று உள்ளேயிருந்து அக்கா சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் கம்பியைச் சோதிக்காமல் தொட்டுவிட்டார் என்று அபூ ஹாத்திம் தெரு முழுக்கச் சொன்னார். சிஹாம் அக்கா நம்பிவிட்டாள். இன்றைக்கும் மச்சானின் படத்தோடு சண்டை போடுகிறாள். "மூணு தடவை பார்க்கிற மனுஷன், அன்னைக்கு மட்டும் அப்படியென்ன அவசரம் உங்களுக்கு?"

அவர் சோதித்தார். எனக்குத் தெரியும்.

மின்வெட்டே இல்லாத ஓர் அரசு லைனிலிருந்து திருடித்தான் அபூ ஹாத்திம் தெருவுக்கு விற்கிறார் என்று மச்சான் கண்டுபிடித்திருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லப்போவதாக அவரிடமே சொல்லிவிட்டு, படிக்குக் கீழே உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். ஜெனரேட்டர் கொட்டகையில் நின்றவன் நான். போன் வந்தது. "என் வீட்டு லைனைப் போடு" என்றார் அபூ ஹாத்திம்.

மச்சான் அங்கே வேலை செய்வது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்காமல் போட்டேன்.

அன்று சாயங்காலம் அபூ ஹாத்திம் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "சொன்னது நான். போட்ட கை உன்னோடது. உன் அக்காவுக்குத் தெரியணுமா?"

தெரியக் கூடாது. அதற்காகத்தான் இரண்டு வருடமாக அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினேன். இன்றும் வந்திருந்தேன்.

வரும்போதே கொட்டகையில் இந்த வீட்டு ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அரசு லைனையும் அணைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் கூடத்தில் ஒரு மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிளக்கில் மீட்டரை வைத்தேன். 226. சரி.

படிக்குக் கீழே குனிந்தேன். ஜெனரேட்டர் லைனைக் கழற்றி, தனியாகத் தொங்கவிட்டு, அதன் முனையில் மீட்டரை வைத்தேன்.

41.

எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் அடிக்க வேண்டிய இடத்தில் காய்ந்த எலுமிச்சைத் தேநீரின் மணம் வந்தது. மச்சான் குடிப்பது.

"என்னடா காட்டுது?"

"நாப்பத்தொண்ணு. பக்கத்துல கரன்ட் ஓடுற வயர் இருந்தா, செத்த கம்பியிலகூட இப்படிக் காட்டும். இதைப் பேய் வோல்ட்டுன்னு மச்சான் சொல்வார்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் எந்த வயரிலும் கரன்ட் ஓடவில்லை.

மாடிப்படியில் நின்றிருந்த அபூ ஹாத்திம் ஒரு படி இறங்கினார். 90.

இன்னொரு படி. 160.

"அங்கேயே நில்லுங்க."

"ஏன்?"

"உங்களைப் பார்த்துத்தான் ஏறுது."

அவர் சிரித்தார். "குடுடா இங்க." மீட்டரைப் பிடுங்கி, தானே கம்பியில் வைத்தார்.

0.

"பாரு. பூஜ்யம். செத்தது செத்ததுதான்." முனைகளை எடுத்துவிட்டு, வெறுங்கையை நீட்டினார்.

"வேண்டாம், அபூ ஹாத்திம்! பிளக்ல இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க. மூணாவது தடவை..."

"அவனை மாதிரியே பேசாதே!"

கம்பியைப் பிடித்தார்.

விடவில்லை.

கம்பியின் ஒரு முனை காற்றில் தொங்கியது. மறுமுனையின் ஃபியூஸ் என் சட்டைப்பையில் இருந்தது. தெருக்கோடியில் ஜெனரேட்டர் சத்தமில்லாமல் கிடந்தது. அவர் உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கீழே விழுந்த மீட்டர் பேசியது.

பீப், பீப்.

வெயில் தாங்காமல் அபூ ஹாத்திமின் இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். செத்தவர் உள்ளங்கையில் இருந்த கருப்புக் கோட்டை நான் மட்டும்தான் பார்த்தேன் போல.

அந்தி நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். விசிறி ஓடியது. மீட்டரை அந்தப் பிளக்கில் வைத்தேன்.

0.

பழையதை இனி நம்ப முடியாதென்று, வழியில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். அதுவும் 0.

"இப்படிக் குடு" என்று அக்கா பழையதை வாங்கி வைத்தாள். 224. என் கைக்கு மாற்றினாள். 0. அவள் கைக்கு வந்ததும் 224.

இனி எந்தக் கம்பியில் கரன்ட் இருக்கிறது என்று எனக்கு எந்த மீட்டரும் சொல்லப்போவதில்லை.

அக்கா என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் கையில மட்டும் ஏன்டா காட்ட மாட்டேங்குது?"

மீட்டரின் முதுகைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினேன். உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டேன்.

"நிஸார். என்ன செஞ்சே நீ?"

வாயைத் திறந்தேன்.

வாசலில்,

பீப், பீப்.

மீட்டர் என் மடியில் கிடந்தது. அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்தாள். இரண்டு வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சத்தத்துக்குக் கதவைத் திறக்கப் போனாள்.

எலுமிச்சை மணம் அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.