குழிக்குள் சீழ்க்கை

குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஊரில் ஒவ்வொருவர் வயலாகப் போய் வெட்டியதில் எபெர்த்தோவின் இடுப்பில் வலி குடியேறிவிட்டது. இன்றைக்கு லெயோவினாவின் வீடு. மரக்கால்களில் நிற்கும் அந்த வீட்டின் மூலைக்கால், புட்டுமாயோ ஆற்று வெள்ளம் வடிந்ததும் ஒரு முழம் இறங்கிவிட்டது. பக்கத்தில் குழி தோண்டிப் புதுக்கால் நட வேண்டும்.

அவள் கணவன் செவெரினோ, எபெர்த்தோவின் மகனுக்கு ஞானத்தகப்பன்; அந்த முறையில் இரு வீட்டாருக்கும் 'கொம்பாத்ரே' என்றுதான் பேச்சு. போன மாதம் எபெர்த்தோவின் வயலில் ஒரு நாள் முழுக்க வெட்டிக் கொடுத்தான். ஊரார் மாறி மாறி உழைத்துக் கொடுக்கும் மிங்காவில் கூலி கிடையாது. உழைத்த நாளுக்கு உழைப்பே ஈடு. அதைத் திருப்பும் முன்பே பனம்பழம் பறிக்கச் சதுப்பில் இறங்கிய செவெரினோவைச் சதுப்பு வைத்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை.

பெண்டாட்டிக்கு உழைத்துக் கழித்துவிடலாம் என்றார்கள் சிலர். வெட்டிய கைக்குத்தான் அந்த உழைப்பு போய்ச் சேர வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். பாக்கி வைத்தவன் வயலுக்கு ஊரில் யாரும் இறங்க மாட்டார்கள். அடுத்த வெள்ளத்துக்குள் மரவள்ளியைப் பிடுங்க ஆள் வராவிட்டால் எபெர்த்தோவின் வீட்டில் அடுப்பு எரியாது. இன்றோடு தீர்ந்தால் போதும்.

"ஏன் இப்படி முனகுறீங்க கொம்பாத்ரே?" தரைப்பலகை இடுக்கு வழியாக மேலிருந்து லெயோவினா கேட்டாள். "எம் புருசன் உங்க வயல்ல மூச்சு விடாம வெட்டினாரு."

"அவன் எங்க வெட்டினான்? வாய் மூடாம பேசிக்கிட்டுல்ல இருந்தான்."

"பேசிக்கிட்டே உங்களைவிட ரெண்டு பங்கு வெட்டினாரு. தோண்டுங்க. குடிக்க மரவள்ளி மசாத்தோ கரைக்கிறேன்."

மழை பிடித்தது. ஓலைக்கூரையில் விழுந்த நீர் நாலு பக்கமும் திரையாக இறங்க, வீட்டடியில் கோழி எச்சமும் பழைய மீன் தண்ணீரும் ஈரச் சாம்பலும் கலந்த வாடை கனத்துத் தொண்டையில் உட்கார்ந்தது. பனங்கட்டைக் கம்பை ஓங்கிக் குத்தினான். அள்ளிப் போட்டான். மறுபடி குத்தினான். அப்போது கேட்டது, காலுக்கு அடியில். ஊதினாற்போல் ஒரு சத்தம்.

மூக்குத் தவளை. கட்டைவிரல் பருமன். மழை பெய்தால் மண்ணுக்குள் இருந்தபடியே கூப்பிடும். ஆனால் அது சதுப்பில், வேருக்கு அடியில் கிடக்கிற உயிர். கோழியும் ஆளும் மிதித்து இறுகிய வீட்டடியில் யாரும் அதைக் கண்டதில்லை.

சதுப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம். அது கூப்பிட்டால் இவர்களும் சீழ்க்கை அடிப்பார்கள், அது பதில் சொல்லும், இடம் தெரிந்துவிடும். அலுப்பில், யோசிக்காமல், எபெர்த்தோ சீழ்க்கை அடித்தான்.

பதில் வந்தது. கிட்டத்தில்.

முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். உருண்டையாக, குளிர்ந்து, எதுவோ உள்ளங்கைக்குள் வந்தது. பழுப்புத் தோல். நீண்ட மொண்ணை மூக்கு. தொண்டை அசையவில்லை. கைக்குள் அது ஊமையாகக் கிடக்க, கீழே மறுபடி சீழ்க்கை.

குறிலாக இரண்டு. நெடிலாக ஒன்று.

தவளை அப்படிக் கூப்பிடாது. வரிசையில் நின்று வெட்டும்போது கை ஓய்ந்தவன் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கும் சீழ்க்கை அது. கைகொடு என்று அர்த்தம். கடைசியில் காற்று ஒழுகியது, முன்பல் போனவன் வாயில் ஒழுகுவது போல. செவெரினோவுக்கு முன்பல் இல்லை.

தவளையை வீசிவிட்டுக் கம்பைக் குத்தினான். வேகமாக. முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். அவன் குத்துக்கும் குத்துக்கும் நடுவில் இன்னொரு குத்து விழுந்தது. ஒரே குழியை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தோண்டும் தாளம்.

"யாரு வந்திருக்கா கொம்பாத்ரே?" மேலே லெயோவினாவின் குரல். "ரெண்டு கம்பு சத்தம் கேக்குதே."

அவன் இன்னும் வேகமாகக் குத்தினான்.

மிங்காவில் வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பதில்லை; வேலைச் சத்தத்துக்குத் தக்கபடி ஊற்றுவாள். பலகை இடுக்கில் ஒரு சுரைக்குடுவை இறங்கியது. பின்னால் இன்னொன்று.

எபெர்த்தோ கம்பை நிறுத்தினான்.

கீழே குத்து நிற்கவில்லை.

குழியின் அடிச்சேறு மேடாகப் புடைத்தது. பனங்கட்டை முனை ஒன்று வெளியே வந்தது. அதன் பக்கத்தில் விரல்கள், வெளுத்து, ஊறி. கை மல்லாந்தது, குடுவைக்காக நீட்டினாற்போல். அப்படியே நின்றது.

செவெரினோவுக்கு எபெர்த்தோ ஒரு நாள் வேலை பாக்கி.