கயிற்றின் கீழ்நுனி

மகள் இறந்துபோன பிறகு அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. மூன்றாவது மாடியில் அதே கண்ணாடிக் கதவு, அதே ஏசியின் உறுமல், யாரோ மேசையில் வைத்து மறந்துபோன காபியின் புளித்த வாடை. அவளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்கள். பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்!

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "வாய்விட்டு அழுதுடு, கொஞ்சம் தேவலையா இருக்கும்" என்று கணவன்கூடக் கெஞ்சிப் பார்த்துவிட்டான். அழுகை வந்தால்தானே? மனசு மரத்துக் கிடந்தது. அதற்குள் ஒரே ஒரு கேள்வி மட்டும் ஓயாமல் ஓடியது. பாப்பா தனியாகவா இருக்கிறாள்? பக்கத்து அறைக்குப் போகவே துணைக்கு ஆள் கேட்கும் நாலு வயசுப் பிள்ளை அது.

கொடுத்த வேலை சின்னதுதான். குழந்தைகளுக்கான அனிமேஷன் படம் ஒன்றில் பொம்மைக் கடைக் காட்சி. மேலே ஒரு கட்டை. அதிலிருந்து குதிரை, கிளி, மீன், யானை என்று மரப்பொம்மைகள் கயிற்றில் தொங்குகின்றன. யானையின் கயிறுதான் எல்லாவற்றிலும் நீளம், மீனுடையது ரொம்பக் குட்டை. கதவு திறந்ததும் காற்றில் அவை நிஜம்போல ஆட வேண்டும், அவ்வளவே. கணினிக்குள் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டவன் பக்கத்து நாற்காலிக்காரன். அவன் ஒல்லி உடம்பைப் பார்த்து அலுவலகம் வைத்த பெயர் குண்டூசி.

"அக்கா, மேல இருக்கிற கட்டைக்கு அம்மான்னு பேரு வெச்சிருக்கேன். அம்மாவை ஆட்டினாப் போதும், பிள்ளைங்க பின்னாலயே தானா ஆடும்" என்றவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ... பேரை மாத்திடறேன்க்கா."

"இருக்கட்டும்ப்பா" என்றாள். அவளுக்கு அதுகூட வலிக்கவில்லை.

கட்டையை லேசாக ஆட்டி, காட்சியை ஓடவிட்டாள். குழுத் தலைவர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"நல்லா வந்திருக்கும்மா. அந்த யானை மட்டும் ஏன் முந்திக்குது?"

தொங்குகிற எதற்கும் அசைவு மேலிருந்துதான் இறங்கி வரும். முதலில் கட்டை, அப்புறம் கயிறு, கடைசியில் பொம்மை. யானையிடம் எல்லாம் தலைகீழாக இருந்தது. முதலில் அதன் கால் அசைந்தது. பிறகு கயிறு விறைத்தது. கடைசியாகத்தான் மேலே கட்டை சாய்ந்தது.

"யாரோ கீழ நின்னு இழுக்கிற மாதிரி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

யானையின் அசைவு முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

கால் அசைந்தது.

குண்டூசி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, உள்ளே குடைந்து குடைந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் வெளுத்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையேக்கா. காத்தைக்கூட நிறுத்திட்டேன். எது இழுக்குது?"

"கீழ என்ன வெச்சிருக்கே?"

"தரைதான். வெறும் தரை." விசைப்பலகைப் பக்கம் கையை நீட்டினான். "விடுங்க, யானையைப் பூட்டிடறேன். அப்புறம் ஒண்ணும் இழுக்க முடியாது."

அவள் திரையையே பார்த்தாள். சின்னதாக இரண்டு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து நீளமாக ஒன்று.

வீட்டில் அவள் வேலையில் மூழ்கியிருக்கும்போது, பின்னால் வந்து நின்று பாப்பா அவள் சட்டை நுனியை இப்படித்தான் இழுப்பாள்.

"பூட்டாதே" என்றாள்.

"அக்கா?"

"நீ போய்ச் சாப்பிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

சாப்பாட்டு நேரம். அறை காலியானது. ஜன்னலில் உச்சிவெயில் கொளுத்தியது. அவள் கை மட்டும் சில்லிட்டிருந்தது. கட்டையை மெதுவாகக் கீழே இறக்கினாள். குதிரை இறங்கியது. கிளியும் மீனும் இறங்கின.

யானை பாதியில் நின்றுவிட்டது.

அதன் கயிறு தளர்ந்து வளைந்தது. கயிறு தளர்ந்தால், பொம்மையை யாரோ கையில் வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம். யானை நின்ற இடம் ஒரு சின்னப் பிள்ளையின் நெஞ்சு உயரம்.

"வாங்கிட்டியா கண்ணு?"

இத்தனை நாளும் வராத கண்ணீர் அப்போது வந்தது. துடைக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். யானை இப்படியும் அப்படியும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மீனின் கயிறும் தளர்ந்தது.

அவள் ஆட்டவில்லை. கட்டையை இறக்கிய பிறகும் மீன் கடைவாசல் கதவைவிட உயரத்தில் இருந்தது. பாப்பாவை விடுங்கள், வளர்ந்த ஆளுக்கே அது எட்டாது.

ஆக, பாப்பா தனியாக இல்லை.

திரைக்கு மிக அருகே குனிந்தாள். கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"பாப்பா... பக்கத்துல யாரும்மா?"

யானை ஆட்டத்தை நிறுத்திவிட்டது.

மீனின் கயிறு விறைத்தது. மெதுவாக, ஒரே ஒரு நீண்ட இழுப்பு.

மேலே இருந்த அம்மா கீழே இறங்கத் தொடங்கியது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.