இரைந்த அம்பிளிபயர்

"அங்கிள், நான் கள்ளியாம்!"

குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் சச்சிதானந்தன் முன்னால் வந்து நின்றாள் நிலாணி. ஒஷாவாத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, வெக்ஸ்போர்ட்டில் பழைய ஓடியோப் பெட்டிகள் திருத்தும் கடை போட்டவள். போன மாதம் கிறிஸ்துநாயகத்தின் அம்பிளிபயரில் வயதாகிப் பழுதான கப்பாசிற்றர்களை எல்லாம் மாற்றிக் கொடுத்திருந்தாள். மின்சாரத்தைச் சீராக்கும் அந்தச் சிறு உருளைகள் கெட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். இப்போது மறுபடியும் இரைச்சல். திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை பழைய கப்பாசிற்றர்கள்! மாற்றாமலே காசு வாங்கிவிட்டாள் என்கிறார் கிறிஸ்துநாயகம்.

"நான் மாத்தினனான் அங்கிள். கழட்டின பழசுகளைப் பையில போட்டு அவரிட்டையே குடுத்தனான். எப்பவும் அப்பிடித்தான் செய்யிறனான். எங்கட சங்க மண்டபத்துச் சவுண்ட் வேலையை ஆருக்குக் குடுக்கிறதெண்டு இண்டைக்குக் கமிட்டி முடிவெடுக்குது. அவர்தான் தலைவர். உதுவும் போனால் கடையைப் பூட்டத்தான் வேணும்."

சச்சிதானந்தன் ஓய்வுபெற்ற காப்புறுதி விசாரணையாளர். அவசரம் என்பது அவர் அறியாத நோய். நிதானமாகத் தொப்பியை எடுத்தார். "அனுபமா, காரை எடும்."

"ஸ்டார்ட் பண்ணிட்டேன் சார்!" மேல்மாடியில் குடியிருக்கும் சென்னைக்காரி அவள். துப்பு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

மல்வேர்னில் உள்ள வீட்டுக்கு மூவரும் போய்ச் சேர்ந்தபோது கிறிஸ்துநாயகம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் மூடி கழற்றிய அம்பிளிபயர். பக்கத்தில் கஸ்பர், மண்டப வேலைக்கு நிலாணியோடு போட்டி போடுபவர்.

"திருத்தின உடனை எப்பிடிப் பாடினது, நாயகம் அண்ணை?" என்று கேட்டார் சச்சிதானந்தன்.

"அச்சாவாப் பாடினது. பிறகு ஸ்பீக்கர் வயர் பூட்டுற இடம் லூசாப் போச்சு. கஸ்பர் வீட்டை கொண்டுபோய் இறுக்கித் தந்தவர். அதுக்குப் பிறகுதான் இரைச்சல்."

"வெளியால மட்டும்தான் இறுக்கினனான். மூடியில கையே வைக்கேல்லை," என்றார் கஸ்பர், எவரும் கேளாமலே.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதையா இருக்கே," என்று அனுபமா முணுமுணுத்தாள்.

"பிள்ளை தந்த பழசுகள் எங்கை?" சச்சிதானந்தன் கிறிஸ்துநாயகத்திடம் கேட்டார்.

"அது வேற பெட்டியில கழட்டினதாம். கஸ்பர் பாத்துச் சொன்னவர். குப்பையில போடுறன் எண்டு, இறுக்கக் கொண்டுபோன அம்பிளிபயரோடையே அந்தப் பையையும் கொண்டுபோனவர்."

சச்சிதானந்தன் குனிந்து பார்த்தார். உருளைகளின் அடியில் பழுப்புப் பிசின் வடிந்து காய்ந்திருந்தது. "அனுபமா, அதுக்குக் கீழ பலகை எப்பிடி இருக்கு?"

"பளிச்சுனு இருக்கு சார். ஒரு கறைகூட இல்ல."

"அதுதான் விசயம். உதுகள் இவ்வளவு காலமும் இதே இடத்தில இருந்து ஒழுகினதெண்டால் பலகை முழுக்கக் கறை பிடிச்சிருக்கும். பிள்ளை பழசைக் கழட்டி, கறையைக் கழுவி, புதுசு பூட்டியிருக்கிறாள். பிறகு ஒராள் புதுசைக் கழட்டிப்போட்டு, ஒழுகிக் காய்ஞ்ச பழசைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார். நாயகம் அண்ணைக்குப் பல்ப் மாத்தவே ஆள் வேணும். பழசும் பெட்டியும் ஒண்டாப் போன வீடு ஒண்டே ஒண்டுதான்."

கஸ்பரின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. "மண்டப வேலை எனக்குக் கிடைக்காதெண்டுதான்..."

"சீ! ஒரு பிள்ளையைக் கள்ளி எண்டு என்ர வாயால சொல்லவைச்சிட்டியே!" கிறிஸ்துநாயகம் வெட்கத்தோடு நிலாணி பக்கம் திரும்பினார். "நிலாணி, மன்னிச்சுக்கொள்ளு மோனை. வேலை உனக்குத்தான். இப்பவே கமிட்டிக்குச் சொல்லுறன்."

"முதல் இதைப் பாடவைக்கிறன். கேட்டிட்டுச் சொல்லுங்கோ." நிலாணி தன் பையிலிருந்து ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயனை எடுத்து மின்சாரத்தில் செருகினாள். "என்ர புதுசுகள் எங்கை, கஸ்பர் அண்ணை?"

"காருக்குள்ள..."

"எடுத்துக்கொண்டு வாங்கோ. வரேக்கை ரோச்சும் கொண்டுவாங்கோ, ஆராவது வெளிச்சம் பிடிக்க வேணும்."

கஸ்பர் கொண்டுவந்தார். பிடித்தார்.

"கையை ஆட்டாதேங்கோ," என்றாள் நிலாணி.