தேநீரின் மேல் படலம்

நான்காவது நாளாகவும் தேநீரின் மேல் அந்தப் படலம் மிதந்தது. விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய வானவில்லாக மின்னி, கோப்பையின் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. யெஃபிம் விரலால் தொட்டான். வழுவழுத்தது.

தென்துருவத்தின் அந்த ரஷ்ய நிலையத்தில் பதினோரு பேருக்கும் தண்ணீர் தருவது அவன் வேலை. சுலபமான வேலை, பார்க்க அழகானதும்கூட. டீசல் எஞ்சினின் சூடான புகைக்குழாய் ஒரு பெரிய இரும்புத் தொட்டியைச் சுற்றி வளைந்து போகும். டிராக்டர் அள்ளிவரும் பனியை மேல் திறப்பில் கொட்டினால், வீணாகப் போகிற சூடே அதை உருக்கிவிடும். அடியில் சல்லடை, அதற்கப்பால் பம்பு, பம்பிலிருந்து சமையலறை. இதற்குள் எண்ணெய் வர வேண்டுமானால் எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் குழாயில் கசிவே இல்லை. படலத்தைக் காகிதத்தில் ஒற்றிக் கொளுத்திப் பார்த்தான். டீசல் வாடை அடிக்கவில்லை. முடி கருகும் வாடை அடித்தது. இரண்டு முறை தொட்டியில் சலவைச் சோடா போட்டுத் தேய்த்து, கழுவிய தண்ணீரைப் பனிக்குழிக்குள் வடியவிட்டான். மறுநாளே படலம் திரும்பி வந்துவிட்டது.

"கரண்டிய ஒழுங்கா கழுவுடா ஸாஹர்," என்றான் சமையல்காரனிடம்.

"என் கரண்டி உன் மூஞ்சிய விட சுத்தம்டா. நாலு நாளா யாரும் சாப்பாட்ட குறை சொல்லல, தெரியுமா? நேத்து நம்ம தலைவர் மூணாவது தட்டு முட்டைக்கோஸ் சூப்பு கேட்டாரு. 'எங்கய்யா எலும்பு கிடைச்சுது'ன்னாரு. எலும்பே போடலன்னா நம்பமாட்டேங்குறாரு மனுசன்."

யெஃபிமும் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தான். அதை நினைத்ததும் நாக்கில் ஒரு பிசுபிசுப்பு ஏறியது.

பதினொரு மணிக்கு ஊரிலிருந்து ரேடியோவில் அன்ஃபிசா வந்தாள். இதே நிலையத்தில் வேலை பார்த்த அவள் கணவன் புரோஹர் குளிர்காலத் தொடக்கத்தில் மாரடைப்பில் இறந்துபோயிருந்தான். கோடையில் கப்பல் வரும்வரை உடலைப் பனிக்குள் வைத்திருக்க வேண்டும்.

"யெஃபிம் தம்பி, அவரு பத்திரமா இருக்காருல்ல? ஒரு குறையும் இல்லாம முழுசா கொண்டுவந்துடுவீங்கல்ல?"

"முழுசா கொண்டாருவேன்க்கா. என் பொறுப்பு." இதைச் சொல்வது ஏழாவது முறை.

நண்பகலில், சூரியனே வராத குளிர்கால வானம் கரியாய்க் கிடக்க, அவன் டிராக்டரில் தொற்றிக்கொண்டு பனி வெட்டும் இடத்துக்குப் போனான். காற்று வரும் திசையில்தான் சுத்தமான பனி கிடைக்கும். மறுபக்கம் முழுக்கக் குப்பையும் எண்ணெய்ப் பீப்பாய்களும். அந்தக் குப்பைப் பக்கம் புரோஹரைக் கிடத்த யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் அவனைப் படுக்கை விரிப்பில் சுற்றி, சுத்தமான பக்கத்திலேயே வைத்து, தலைமாட்டில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பம் ஒன்றை நட்டார்கள்.

"அந்தக் கோடியிலேருந்து நிலையத்தப் பாத்து வெட்டிக்கிட்டே வருவேன், கம்பத்துக்கு முப்பதடி முன்னாலயே நிறுத்திடுவேன்," என்றான் டிராக்டர் ஓட்டும் நிகாந்தர். "ஒருநாள்கூட தாண்டினதில்ல. செத்தவன் விஷயத்துல நான் விளையாடுவேனா?"

விளக்கொளியில் கம்பம் சாய்ந்து நின்றது. நேற்றைய புயலில் பாதி புதைந்து, நுனி மட்டும் நிலையத்தின் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. நிகாந்தர் இறங்கி அதைப் பிடுங்கினான். நுனி தெரிந்த இடத்திலேயே திரும்ப நேராக நட்டு, காலால் மிதித்து இறுக்கினான்.

யெஃபிம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எப்பவும் இப்படித்தான் நடுவியா?"

"புதைஞ்சுபோகுதுல்ல? ஒவ்வொரு புயலுக்கும் பிடுங்கி நட்டுத்தான ஆகணும்?"

காற்று எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சாய்க்கும். ஒவ்வொரு நடவுக்கும் ஆறடி, ஏழடி. இதுவரை ஒன்பது புயல். கம்பம் நடந்து போயிருக்கிறது. புரோஹர் நடக்கவில்லை.

நிலையம்வரை கட்டியிருந்த வழிகாட்டிக் கயிற்றைப் பிடித்தபடி யெஃபிம் திரும்பி ஓடினான்.

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரை போல, நெடுநேரம் கொதித்த சாறு போல, பசியைக் கிளப்பும் வாசனை. அதுதான் அருவருப்பாக இருந்தது: வயிறு அதைக் கேட்டு உறுமியது. கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினான். முழங்கால்வரை தண்ணீர். சுவரில் விரல் தடிமனுக்கு வெண்மஞ்சள் வளையம். குனிந்து சல்லடையைத் துழாவினான்.

துணி. விரிப்பின் நூல்கள்.

முடி.

மெத்தென்று ஏதோ ஒன்று. தோல் போல. அழுத்தினால் நழுவியது.

பிறகு கடினமாக ஒன்று. விளக்கில் பிடித்தான். தங்கம் கட்டிய பல். புரோஹர் சிரிக்கும்போதெல்லாம் மின்னுமே, அதே பல்.

வாந்தி தொண்டைவரை வந்தது. விழுங்கினான். இதற்குள் கக்கக் கூடாது. பம்பு உறிஞ்சும் ஓசை காதருகே. நிதானமாக. தாகத்தோடு.

இரண்டு முறை கழுவி வடியவிட்டிருக்கிறான். இரண்டு முறை, தன் கையாலேயே.

மேலே ஸாஹர் இரும்பைத் தட்டினான். "டேய், உள்ள குளிக்கிறியா? சூப்புக்குத் தண்ணி வரலடா!"

யெஃபிம் பம்பை அணைத்தான். மேலே ஏறி வந்து புகைக்குழாயின் அடைப்பைத் திருப்பி, சூட்டை வெளியே விட்டான். படலத்தைப் போக்க வழி இவ்வளவுதான்: தொட்டியைக் கழுவக் கூடாது, ஆறவிட வேண்டும். கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. ஆறினால் மேலே வந்து வெள்ளையாக உறையும். அதை அகப்பையால் உடையாமல் வழித்து மாவு டப்பாவில் போட்டு, சல்லடையில் தங்கியதையும் அதோடு சேர்த்து மூடி, கோடையில் வரும் கப்பலில் அன்ஃபிசாவுக்கு அனுப்பலாம்.