ஒரு குழிகூட இல்லாத பலகை

மானிய அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்த பெண்ணின் ஒரு கையில் கடிதம் இருந்தது. மறு கையில் ஒரு முழ நீளக் கருப்புப் பலகை. அதன் மூலையை அறுத்து எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தார் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஷாம்பு, மருந்துத்தூள் அடைத்து வரும் உறைகளைச் சேகரித்துக் கழுவி, உருக்கி, அழுத்திப் பலகை செய்பவர் அவர். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடக்கும் அந்த உறைகளைப் பழைய சாமான் கடைக்காரர்கூடத் தொடமாட்டார். அதனால்தான் அதை மறுசுழற்சி செய்பவர்களுக்கு அரசு மானியம் தருகிறது. ஆனால் அவர் அனுப்பிய மாதிரியில் உறையே இல்லை, எங்கும் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றது கடிதம். பொய் மாதிரி தந்ததற்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப் போகிறார்களாம்.

"யாரோ மாத்திட்டாங்க மேடம்," என்றார். "நாங்க செஞ்சதுலயே அழகான பலகை அது. பிரஸ்லேர்ந்து சூட்டோட எடுத்து என் வீட்டுக்காரர் குடுத்தார். சீட்டை ஒட்டி, சீட்டுலயும் பலகையிலயும் சேர்ந்தாப்ல கையெழுத்துப் போட்டு, பீரோவுல வச்சுப் பூட்டினேன். மறுநாள் நானே கொண்டாந்து குடுத்தேன்."

"சாவி?" என்று கேட்டார் ஆய்வாளர். தண்ணீர் மீட்டரைப் படிப்பவர் போல் ஏற்ற இறக்கமில்லாமல் பேசுகிறவர் அந்த அம்மாள்.

"ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு கொழுந்தன்கிட்ட. பட்டறைக் கொட்டகையில பாதி அவரோடது. சோபா கடைக்கு வாடகைக்கு விடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். மானியம் இல்லைன்னா நான் மூடித்தான் ஆகணும். பதினோரு பேர் வேலை போயிடும்."

கதவோரம் நின்ற ஜீப் ஓட்டுநருக்கு அப்போதே வழக்கு முடிந்துவிட்டது. எதிலும் முந்திக்கொள்வதால் அலுவலகத்தில் அவருக்கு 'முந்திரி' என்று பெயர். வயது நாற்பத்தாறு ஆகியும் அந்தக் குணம் போகவில்லை.

ஆய்வாளர் பலகையைச் சாய்த்துப் பார்த்தார். முந்திரியும் எட்டிப் பார்த்தார். சீட்டில் தொடங்கிய கையெழுத்து பலகைமேல் ஓடி, எங்கும் அறுபடாமல் முடிந்திருந்தது. பலகை மேசைக் கண்ணாடி போல் வழுவழுவென்று இருந்தது.

"வண்டியை எடுங்க," என்றார் ஆய்வாளர்.

"கொழுந்தன்தானே மேடம்?" என்றார் முந்திரி, சாவியைத் திருகியபடி.

"முதல்ல கொட்டகையைப் பாப்போம்."

கொட்டகை வாசலிலேயே ஷாம்பு மணம் மூக்கில் ஏறியது. கழுவும் தொட்டியிலிருந்து நுரை வழிந்து சாக்கடைவரை போயிருந்தது. தொட்டியைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள், மேல்பக்கம் வெட்டிய எண்ணெய் டின்னில் தண்ணீர் மொண்டு உறைகளை அலசினார்கள். டின் விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்கத் துணி சுற்றியிருந்தார்கள்.

"பக்கெட் இல்லையா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"ஆறு இருந்துச்சு மேடம்," என்றார் அவர்களில் மூத்தவர். "மாதிரிப் பலகை அனுப்பினாங்களே, அதுக்கு முந்தின நாள் ஆறும் காணாமப் போச்சு. பலகையைத் திருடாம பக்கெட்டைத் திருடிட்டுப் போயிருக்கான், கிறுக்கன்."

உள்ளே நூற்றுக்கணக்கான பலகைகள் அடுக்கியிருந்தன. சாயம் கலப்பதால் எல்லாம் ஒரே கருப்பு. முந்திரி ஒன்றைத் தடவிப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். மேலெல்லாம் குழியும் சொறியுமாக இருந்தது. உறைகளில் மிஞ்சும் சோப்பும் ஈரமும் சூட்டில் கொப்புளித்து உடைவதால் அப்படி ஆகிறது என்றார் கூடவே வந்திருந்த பட்டறைக்காரப் பெண்.

ஆய்வாளர் அடுக்கிலிருந்து ஒரு பலகையை அறுக்கச் சொன்னார். அறுத்த இடத்தில் உப்புத் தூவியது போல் அலுமினியத் துகள்கள் மின்னின. மாதிரியிலிருந்தும் ஒரு துண்டு அறுத்தார்கள். அதில் ஒரு மினுக்கும் இல்லை. இரண்டையும் தொட்டியில் போட்டார். அடுக்குப் பலகைத் துண்டு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மாதிரித் துண்டு நுரையை விலக்கிக்கொண்டு மிதந்தது.

"எல்லாரையும் பிரஸ் பக்கம் கூப்பிடுங்க."

அந்தப் பெண், பிரஸ் ஓட்டும் அவர் கணவர், விறைப்பாக நின்ற கொழுந்தன், கழுவும் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். முந்திரி கொழுந்தனை ஒட்டினாற்போல் நின்றுகொண்டார், ஓடினால் பிடிக்கலாமென்று.

"பீரோவுலேர்ந்து யாரும் எதையும் மாத்தல," என்றார் ஆய்வாளர். "சீட்டும் பலகையும் சேர்ந்து போட்ட கையெழுத்து அப்படியே இருக்கு. இந்தம்மா கையெழுத்துப் போட்டதே பொய்ப் பலகையிலதான். அதனால எந்தச் சாவிக்கும் இதுல வேலை இல்ல."

கொழுந்தன் மூச்சு விட்டார். முந்திரி ஓரடி தள்ளி நின்றார்.

"அப்ப நான்தான் ஏமாத்தினேன்னு சொல்றீங்களா?" என்றார் அந்தப் பெண்.

"உங்ககிட்ட உண்மையான பலகை நூறு கிடக்கு. எதுக்குப் பொய்யா ஒண்ணு செய்யணும்? இந்தப் பலகை போதாதுன்னு நெனச்சவர்தான் செய்வார். மாதிரி குடுத்ததுக்கு முந்தின நாள், இந்தப் பலகை செஞ்ச அன்னைக்கே, ஆறு பக்கெட் காணாமப் போச்சு. பக்கெட் பிளாஸ்டிக் மிதக்கும், குழி விழாது. உருக்கினதுக்கும் நீங்க கையெழுத்துப் போட்டதுக்கும் நடுவுல அந்தப் பலகை ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு."

கணவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "ஆபீசருங்க பாக்கப் போற பலகை. சொறி புடிச்ச மாதிரி எப்படி அனுப்பறது? வீட்டுக்கு ஆள் வந்தா நல்ல டம்ளர்லதானே குடுப்போம். அழகாப் போகட்டும்னு நெனச்சேன். உறைதான் வேணும்னு அறுத்துப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"கடிதம் வந்தப்ப தெரிஞ்சிருக்குமே," என்றார் ஆய்வாளர்.

"தெரிஞ்சுது. வாய் வரல."

"அஞ்சு நாளா அண்ணி எனக்கு முகம் குடுத்துப் பேசல," என்றார் கொழுந்தன். "நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தே."

முந்திரிக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. வழியெல்லாம் கொழுந்தனைக் குற்றவாளி ஆக்கியவர் அவர்தானே.

"தெரிஞ்சு குடுத்தா தடை, தெரியாம குடுத்தா மறுசோதனை," என்றார் ஆய்வாளர். "அவங்களுக்குத் தெரியாதுன்னு செஞ்சவரே எழுதிக் குடுக்கணும். எழுதினா மானியப் பட்டறை எதுலயும் உங்க பேர் இருக்கக் கூடாது. இந்த பிரஸ்ஸை நீங்க தொட முடியாது."

கணவர் பிரஸ்ஸின் கைப்பிடியை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளை வாங்கி எழுதத் தொடங்கினார்.

"நான் செய்யறது அசிங்கமா இருக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றார் மனைவி, அவர் எழுதி முடித்ததும்.

"உங்கிட்ட சொல்ல மனசு வரல."

மனைவி கொழுந்தன் பக்கம் திரும்பினார். "தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவால்ல அண்ணி," என்றார் கொழுந்தன். ஆனால் சோபா கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுசோதனைக்கு ஒரு பலகை வேண்டும் என்றார் ஆய்வாளர். கணவர் பழக்கதோஷத்தில் அடுக்கிலேயே வழவழப்பானதைத் தேடி உருவினார்.

"அது வேணாம்," என்றார் மனைவி. "இருக்கறதுலயே மோசமானதை எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். மனைவி சீட்டை ஒட்டி, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். சீட்டைத் தாண்டியதும் பேனா ஒரு குழியில் இறங்கி ஏறி, அடுத்ததில் தடுக்கி, மூன்று இடத்தில் அறுந்துதான் பெயர் முடிந்தது. அதை அவர் திருத்தி எழுதவில்லை.